தோலுக்கு எத்தனை ஓம்?

சென்ற ஆண்டு பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கக் கட்டிடத்தில் நடந்த இலவச மருத்துவ முகாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கண், பல், ரத்த அழுத்தம் என்று மூன்று மேஜைகள். நான்காவது மேஜையில் ஒரு புது இயந்திரம். அதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக் கொடுத்தவன் அடியேன்தான். ரயில்வே சிக்னல் பிரிவில் ஒயரும் மீட்டருமாகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் ஆகையால், சங்கத்தில் விழா என்றால் மின்சார வேலை எனக்கு என்பது எழுதப்படாத சட்டம்.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. வந்தவர் ஒரு கையில் பித்தளைக் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயக்க வந்திருந்த இளைஞர் பேனா போன்ற ஒரு முனையை மற்றக் கையின் விரல்களிலும் மணிக்கட்டிலும், பிறகு கால் விரல்களிலும், ஒவ்வொரு அக்குபங்சர் புள்ளியாக வைத்து அழுத்துவார். கம்ப்யூட்டர் திரையில் கல்லீரல், சிறுநீரகம், இதயம், கணையம் என்று வரிசையாகக் கம்பங்கள் எழும்பும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கோளாறு. பத்து நிமிஷத்தில் அச்சடித்த தாள் கைக்கு வந்துவிடும். ரத்தம் எடுப்பதில்லை, வலி இல்லை, காசும் இல்லை. கண் டாக்டரின் மேஜையைவிட அங்கேதான் வரிசை நீளம்.

எங்கள் காலனியில் ஒரு மாமி. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மகன் புனேயில்; இங்கே தனியாக இருக்கிறார். முகாம் முடிந்த மூன்றாவது வாரம் தலைசுற்றல், ஓயாத தாகம், இரவில் ஏழெட்டு முறை பாத்ரூம். பக்கத்து வீட்டார் வந்து என்னை அழைக்க, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சர்க்கரை 386. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கணையம் பச்சையா இருக்குன்னு அந்த மெஷின்லயே வந்துடுத்து. அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டேன்.” வெளியே வந்தபின் என்னிடம் தனியாக, “நீங்களே ஒயர் போட்டுக் கொடுத்தேளே சார், நல்ல மெஷினாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

அந்த ஒரு வாக்கியந்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒயர் போட்டவன் என்ற முறையில், அந்த ஒயரில் என்ன ஓடுகிறது என்று நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி குத்தி வலியைத் தணிக்கும் அக்குபங்சர் சிகிச்சை நல்லதா கெட்டதா என்று ஆராய்வது என் வேலை அல்ல. என் முழங்காலுக்கு நானே பத்துத் தடவை குத்திக்கொண்டவன், சுகமாகத்தான் இருந்தது. என் கேள்வி வேறு. புள்ளியின் மேல் மீட்டரை வைத்தால் அது எதை அளக்கிறது? அந்த எண்ணிலிருந்து கணையத்தைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?

சுற்று முழுவதையும் பார்க்க வேண்டும்

மின்தடை என்பது ஒரு புள்ளிக்குச் சொந்தமான குணம் அல்ல. மின்சாரம் ஓரிடத்தில் புகுந்து இன்னோரிடத்தில் வெளியேற வேண்டும். அந்தப் பாதை முழுவதையும் சேர்த்துத்தான் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். நம் இயந்திரத்தில் பாதை இப்படி: முனை, அதன் அடியிலுள்ள தோல், உடம்பின் உட்பகுதி, மறு உள்ளங்கையின் தோல், பித்தளைக் குழாய்.

உடம்பின் உட்பகுதி, மின்சாரத்தின் கண்ணுக்கு ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். ரத்தம் நன்றாகக் கடத்தும், தசை அதற்கு அடுத்தபடி, கொழுப்பு மிகவும் குறைவாக, எலும்பு இன்னும் குறைவாக. எல்லாம் சேர்ந்து ஒரு கையிலிருந்து மறு கைக்கு உட்பகுதியின் தடை சில நூறு ஓம் அளவுதான். தோலோ வேறு சமாசாரம். அதன் மேற்புறத்தில் செத்த அணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டிய ஒரு படலம் இருக்கிறது. உடம்பின் பெரும்பகுதியில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான். நாம் எழுதும் காகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் பல மடங்கு தடிப்பு. உலர்ந்த நிலையில் இந்த மெல்லிய படலத்தின் மேல் ஒரு சிறு முனையை வைத்தால் தடை லட்சக்கணக்கான ஓம், சில சமயம் பத்து லட்சத்தையும் தாண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தோலின் தடை 10 லட்சம் ஓம், உள்ளே 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு நோயினால் உட்பகுதியின் தடை பத்து சதவீதம் மாறிவிட்டதாகவே கொண்டால்கூட, மாற்றம் 50 ஓம். 10 லட்சத்தில் 50! கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரின் கடைசி இலக்கம்கூட அசையாது. முனையை ஈரப்படுத்தித் தடையை 60 ஆயிரம் ஓமுக்குக் கொண்டுவந்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றம். ஆக, அந்த மீட்டர் பார்த்துக்கொண்டிருப்பது கணையத்தை அல்ல, முனைக்கு அடியிலுள்ள அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தோலை.

ஈ.சி.ஜி. எடுக்கும்போது நர்ஸ் தோலைத் துடைத்து, குளிர்ந்த ஜெல்லியைத் தடவுவது இந்தப் படலத்தின் தொல்லையைக் குறைப்பதற்குத்தான். உலர்ந்த கையோடு தப்பித்தவன் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டு மாட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

தோலின் தடையை மாற்றுவது ஈரம் மட்டுமல்ல, மனசும்கூட. உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பயம், பரபரப்பு, ஏன், திடீரென்று யாராவது கைதட்டினால்கூட, அவை சுரந்து தோலின் தடையைக் குறைத்துவிடும். 1888-லேயே பிரான்சில் ஃபெரே என்பவர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். பொய் கண்டுபிடிக்கும் கருவி என்கிறார்களே, அதன் ஒரு பகுதி இதுதான். வரிசையில் அரை மணி நின்று, “எனக்கு என்ன வியாதி வருமோ” என்று உட்கார்ந்திருப்பவரின் விரல் நுனியில் மீட்டர் என்ன காட்டும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

உயிரணு என்னும் கண்டென்சர்

திசுக்களின் மின் குணங்களை அளப்பதே வெட்டி வேலை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். முறையாக அளந்தவர்கள் அதிலிருந்து அதிசயங்களைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1925-ல் ஹ்யூகோ ஃப்ரிக் செய்த வேலை. ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. உள்ளேயும் உப்பு நீர், வெளியேயும் உப்பு நீர், நடுவே மின்சாரம் கடத்தாத சவ்வு. இது நம் வீட்டு சீலிங் ஃபேனில் இருக்கும் கண்டென்சரேதான். ஃப்ரிக் ரத்தச் சிவப்பணுக்களை நீர்மத்தில் மிதக்கவிட்டு, மாறுமின்னோட்டம் செலுத்தி, அந்தக் கண்டென்சரின் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட் என்று கண்டார். அதிலிருந்து சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணக்கிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கி கைக்கு வராத காலம் அது. கண்ணால் யாரும் பார்க்காத ஒரு சவ்வின் தடிமனை மின் அளவீட்டை வைத்தே சொல்லிவிட்டார். சவ்வின் நடுவிலுள்ள கொழுப்பு அடுக்கைப் பற்றி இன்று நாம் அறிந்ததோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

இப்போது பலர் வீட்டில் இருக்கும், ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் எடை மெஷினும் இந்த வம்சத்தில் வந்ததுதான். பொதுவாக 50 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தைக் காலுக்குக் கால் செலுத்தி உடம்பின் நீரளவை ஊகிக்கிறது. ஈரக் காலோடும் உலர்ந்த காலோடும் ஏறிப் பாருங்கள், சாப்பிடுமுன்னும் பின்னும் ஏறிப் பாருங்கள், எண் மாறும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது.

புள்ளிகளை அளக்க ஆரம்பித்தவர்கள்

அக்குபங்சர் புள்ளிகளில் மீட்டர் வைக்கும் பழக்கம் சீனாவில் தோன்றியதல்ல. 1950-ல் ஜப்பானில் யோஷியோ நகதானி, சிறுநீரக நோயாளி ஒருவரின் தோலில் மின்சாரம் எளிதாகப் புகும் இடங்கள் வரிசையாக இருப்பதையும், அந்த வரிசை சீன நூல்கள் சொல்லும் சிறுநீரகப் பாதையை ஒத்திருப்பதையும் கண்டதாகச் சொன்னார். 12 வோல்ட் மின்னழுத்தம், அளவுகோலில் 200 மைக்ரோ ஆம்பியர் வரை ஓட்டம் என்று ஒரு முறையை வகுத்தார். அதற்கு ரியோடோராக்கு என்று பெயர். 1953-ல் ஜெர்மன் மருத்துவர் ரெய்ன்ஹோல்ட் வோல் இன்னொரு கருவியைக் கொண்டுவந்தார். பூஜ்யத்திலிருந்து 100 வரை அளவு, 50 என்றால் சமநிலை. இன்று முகாம்களில் காணும் இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த இருவரின் பேரப்பிள்ளைகள். கம்ப்யூட்டரும் வண்ணக் கம்பங்களும் பின்னால் சேர்ந்தவை.

இடையே ஒரு செய்தி, நம் நாக்பூர் வாசகர்களுக்காக. 1938-ல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் டாக்டர் கோட்னிஸை எல்லோரும் அறிவோம். அந்த ஐவரில் டாக்டர் சோல்கர் நம் நாக்பூர்க்காரர். இன்னொருவரான கல்கத்தா டாக்டர் பி.கே. பாசு 1958-ல் மறுபடி சீனா சென்று ஊசி சிகிச்சையைக் கற்று, 1959-ல் திரும்பிவந்து கல்கத்தாவில் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சர் பரவியதற்கு அவரே மூலகாரணம்.

வோல் முறையில் ஒரு விசேஷம் உண்டு. முனையை அழுத்தியதும் முள் ஏறி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கினால், அந்த உறுப்பில் நோய் இருப்பதாகக் கொள்வார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நேர்மின்னோட்டத்தை ஈரமான பரப்பின் வழியே செலுத்தினால் உலோக முனையை ஒட்டி அயனிகள் குவிந்து ஓட்டம் தானாகவே குறையும். பாட்டரி வேலை பார்த்த எந்த ரயில்வே கலாசியும் அறிந்த விஷயம். நில எர்த் அளக்கும் கருவியில் நேர்மின்னோட்டத்தை அப்படியே மண்ணில் விடாமல் திசை மாற்றி மாற்றி விடுவதே இந்தத் தொல்லைக்காகத்தான்.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதிலும் சிக்கல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட தர நூலில் 361 புள்ளிகள். அவற்றில் 6 புள்ளிகளின் இடம் குறித்துச் சீன, ஜப்பான், கொரிய நிபுணர்களிடையே கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. இடத்தைக் குறிப்பது நம் வர்ம ஆசான்கள் விரற்கடை வைத்துப் பார்ப்பது போலத்தான், நோயாளியின் கட்டைவிரல் அகலமே அளவுகோல். ஊசி குத்த அது போதும். மூன்று மில்லிமீட்டர் முனையை வைத்து, இதுதான் புள்ளி, பக்கத்தில் இருப்பது புள்ளி அல்ல என்று சொல்வதற்கு அது போதுமா?

வீட்டில் செய்து பார்த்தது

படித்ததோடு நிற்காமல் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் எச்சரிக்கை: மல்டிமீட்டர் ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடுவது, அதனால் துணிந்தேன். கையால் சுற்றும் மெக்கரை யாரும் உடம்பில் வைக்க வேண்டாம். அது 500 வோல்ட். பயிற்சிக் காலத்தில் ஒரு விளையாட்டுப் பையன் சக மாணவனின் காதில் வைத்துச் சுற்றி, அவன் நாற்காலியோடு பின்னால் விழுந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மணிக்கட்டு ரேகையிலிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் மேலே, இரண்டு நரம்புக் கயிறுகள் போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான் என்ற புள்ளி இருக்கிறது. வாந்திக்கு அழுத்துவார்களே, அதுதான். ஜனவரி மாதம், நாக்பூர்க் குளிரில் தோல் வெள்ளை பூத்திருந்தது. முதல் அளவு 18 லட்சம் ஓம். கொஞ்சம் அழுத்தினேன், 7 லட்சம். நாக்கில் விரலைத் தொட்டு அந்த இடத்தில் தடவினேன், நிமிஷத்தில் 90 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. அழுத்துவதற்கும் எச்சிலுக்குமே இருபது மடங்கு வித்தியாசம்.

பிறகு புள்ளியில் ஒன்றும் அதைச் சுற்றி ஒன்பதுமாகப் பத்து இடங்களை அளந்தேன். ஆச்சரியம், புள்ளியில்தான் தடை மிகக் குறைவு! மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. என் வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தவள், “அந்த இடத்தில் மட்டும் குண்டூசி குத்துகிற மாதிரி அழுத்துகிறீர்களே” என்றாள். உண்மைதான், எனக்கே தெரியாமல் அழுத்தியிருக்கிறேன்.

ஆகவே முறையை மாற்றினேன். பழைய பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் பொருத்தி, அழுத்தம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும்படி முனையைச் செய்தேன். பத்து சிறு வட்டங்களை என் மனைவி தன் இஷ்டப்படி எண்ணிட்டு வரைந்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேரன் முனையை வைத்து, மீட்டரை என் பக்கம் காட்டாமல் எழுதிக்கொண்டான். அவனுக்கு எது புள்ளி என்று தெரியாது. மூன்று சுற்று. புள்ளி வந்த இடம் முதல் சுற்றில் ஐந்தாவது, அடுத்ததில் மூன்றாவது, கடைசியில் எட்டாவது. ஒரே இடத்தை இரண்டு தடவை அளந்தால் வரும் வேறுபாடு, பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள் வரும் வேறுபாட்டைவிட அதிகம். ஒரு கிழவனின் ஒரு கையில் செய்தது ஆராய்ச்சி ஆகாதுதான். ஆனால் எங்கே ஏமாறுவோம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

முகாமில் இருந்த இளைஞரையும் தேடிப் போனேன். மரியாதையான பையன், முகாமுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவன். என்னை ஒரு முறை அளந்தான், கல்லீரல் சிவப்பு. டீ குடித்துக் கை கழுவிவிட்டு அரை மணி கழித்து வந்தேன், கல்லீரல் பச்சை, சிறுநீர்ப்பை மஞ்சள். இரண்டு தாளையும் அருகருகே வைத்தோம். கை கழுவிவிட்டு வந்தீர்கள் அல்லவா, அதனால்தான் என்றான். அவனுக்கே தெரிந்திருக்கிறது.

துருப்பிடித்த தண்டவாளம்

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. தண்டவாளத்தின் ஒரு பகுதியில் ரயில் இருக்கிறதா என்று அறிய, ஒரு முனையில் பாட்டரியும் மறுமுனையில் ரிலேயும் வைத்து, இரண்டு தண்டவாளங்களையும் ஒயராகப் பயன்படுத்துகிறோம். ரயில் வந்தால் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். மழைக்காலத்தில் ஜல்லி நனைந்து மின்சாரம் கசிந்தால் ரயில் இல்லாமலே ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். வண்டி தாமதமாகும், பயணிகள் நம்மைத் திட்டுவார்கள், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அதிகம் ஓடாத லைனில் தண்டவாளத்தின் மேல் துருப் படலம் ஏறினால்தான் வினை. மைக்ரான் கணக்கான துரு. சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவே அது தடையாக நின்றுவிட்டால், ரயில் அங்கேயே நின்றுகொண்டிருக்கும், ரிலே விழாது, பச்சை எரியலாம். நாங்கள் இதை ராங் சைட் ஃபெயிலியர் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டாலே சிக்னல்காரனுக்குத் தூக்கம் போய்விடும்.

முகாம் இயந்திரம் எனக்குக் காட்டிய சிவப்பு, நனைந்த ஜல்லியின் சிவப்பு. டாக்டரிடம் போய் நானூறு ஐநூறு செலவழித்து ஒன்றுமில்லை என்று திரும்பலாம். மாமிக்குக் காட்டியது துருப்பிடித்த தண்டவாளத்தின் பச்சை.

முறையாக அளந்தபோது

மண்ணின் தடையை அளக்க 1915-ல் ஃப்ராங்க் வென்னர் சொன்ன வழி இன்றும் ரயில்வேயில் நடப்பில் உள்ளது. நான்கு கம்பிகளை வரிசையாக நட்டு, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை மட்டும் அளப்பது. உள் கம்பிகளில் ஓட்டம் ஏறக்குறைய இல்லாததால், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தொடுதடை கணக்கில் வராது. உடம்பிலும் இதையே செய்யலாம். 2005-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஆனும் அவருடைய குழுவினரும், ஹெலன் லாஞ்செவின் உட்பட, நான்கு முனை முறையில் தோலுக்கு அடியிலுள்ள திசுவை அளந்தார்கள். முன்கையில் நெய்குவான் இருக்கும் பாதையில் தடை சுமார் 70 ஓம், அதற்கு இணையான பக்கத்துப் பகுதியில் சுமார் 75. சிறிய வித்தியாசம், ஆனால் கணக்குப்படி தற்செயல் அல்ல. அதே ஆராய்ச்சியில் காலிலுள்ள மண்ணீரல் பாதையை அளந்தபோது அப்படி வித்தியாசம் இல்லை. தசைகளுக்கு நடுவே ஓடும் இணைப்புத் திசுவின் அமைப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அளந்தவர்களின் நேர்மை எனக்குப் பிடித்தது: கிடைத்ததையும் கிடைக்காததையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

2008-ல் இதே குழுவைச் சேர்ந்தவர்கள் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புள்ளிகளைப் பற்றிய 9 ஆராய்ச்சிகளில் 5-ல் தடை குறைவு என்று முடிவு, பாதைகளைப் பற்றிய 9-ல் 7-ல் வேறுபாடு உண்டு என்று முடிவு. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, அழுத்தம், ஈரம் போன்றவற்றைச் சரியாகக் கட்டுப்படுத்தாதவை. எனவே புள்ளிகளை மின்சாரத்தால் பிரித்தறிய முடியும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். எழுதியவர்கள் அக்குபங்சருக்கு விரோதிகள் அல்லர், அதில் ஈடுபாடு உள்ளவர்கள்.

புள்ளி தனித்துத் தெரிகிறது என்றே ஒப்புக்கொண்டாலும், அதிலிருந்து நோயைச் சொல்வது இன்னொரு பெரிய தாண்டல். அதையும் சோதித்திருக்கிறார்கள். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வோல் வழியில் வந்த ஒரு கருவியால் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று 30 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பூனை ரோமமோ தூசிப் பூச்சியோ ஒத்துக்கொள்ளாது என்று தோல் சோதனையில் முன்பே தெரியும். யார் எவர், குப்பியில் இருப்பது என்ன என்பது கருவியை இயக்கிய மூவருக்கும் தெரியாது. 1,500-க்கும் மேற்பட்ட அளவுகள். கருவியால் ஒவ்வாமை உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்க முடியவில்லை.

மைக்ரோ ஆம்பியரிலும் ஜாதி உண்டு

மாமியின் மகன் புனேயிலிருந்து வந்தபோது ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமி என்னிடம் கொண்டுவந்து, “இதுவும் கரண்ட் மெஷின்தானே சார், இதை மட்டும் எப்படி நம்பறது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இதிலும் ஓடுவது மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் அந்தச் சின்னப் பட்டையில் சர்க்கரையோடு மட்டும் வினைபுரியும் ஒரு நொதி தடவப்பட்டிருக்கிறது. ரத்தத் துளியிலுள்ள சர்க்கரை அதோடு வினைபுரியும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களைத்தான் மீட்டர் எண்ணுகிறது. சர்க்கரை அதிகம் என்றால் ஓட்டம் அதிகம். 1962-ல் லேலண்ட் கிளார்க் வகுத்த வழி. லாபரட்டரி முடிவோடு ஒப்பிட்டு எவ்வளவு தூரம் விலகலாம் என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள். அதிலும் தவறு வரும். கையில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தால் கூடக் காட்டும், காலாவதியான பட்டை தப்பாகக் காட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு விரலைக் குத்தச் சொல்லியிருக்கிறேன். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தேதி வாரியாக எழுதி வருகிறார். போன வாரம் வெறும் வயிற்றில் 128.

வருகிற பொங்கல் முகாமில் நான்காவது மேஜையில் என்ன வைப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. சர்க்கரை பார்க்கும் மேஜை போடுவதென்று தீர்மானம். பட்டைகளுக்கு நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரிடம் சொல்லலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இந்த முறை தேவைப்படாது.